ஈரமணலில் இத்தாலிக்காரர்கள்

இன்றைக்கும் யாராவது வாசல் தெளித்தால், ராயபுரத்தில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த இத்தாலிக்காரர்களின் கிளப் அந்த ஈரமணல் வாசனையோடு எழுந்து வந்துவிடுகிறது. ஞாயிறுதோறும் அங்கே வேலைபார்த்த அம்மா அதன் முற்றத்து மணலை நனைத்து வைக்க, கப்பல் பட்டறையில் வேலை செய்த அவர்கள் மாதா கோயில் பூசை முடிந்து வந்து, சின்னக் குறிப்பந்து ஒன்றை நோக்கி மரப்பந்துகளை உருட்டி, டொக்கென்று மோதும் ஒவ்வொரு பந்துக்கும் உற்சாகமாகச் சண்டை போடுவார்கள். பட்டறை மூடி எல்லோரும் கப்பலேறியபின் கிழவர் ஒருவர் மட்டும் மிஞ்சினார். போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவரவர் பந்தைத் தானே உருட்டினார்.

"யாருக்கோசரம் தொரே ஆடிகினு கீறீங்க?" என்றாள் அம்மா.

"அவுங்க முறை வந்துட்ச்சே."

குறிப்பந்திலிருந்து ஒவ்வொரு பந்தின் தூரத்தையும் கயிற்றால் அளந்தார். தோற்றது அவர்தான். காலிப் பெஞ்சைப் பார்த்துத் தன் பாஷையில் கத்திச் சண்டை போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். எங்களுக்கு அந்தப் பாஷை தெரியாது. அம்மா காய்ந்த மணலில் மறுபடியும் தண்ணீர் தெளித்தாள்.