தூக்கிப் போடுகிறோம் என்று சொல்லக் கூடாது

பெங்களூர் வைட்ஃபீல்டில் நான் வேலை பார்த்த கம்பெனி ப்ளூடூத்துக்கான மென்பொருள் எழுதியது. ஹெட்ஃபோனுக்குப் போகும் பாட்டு சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து காற்றில் போகும். இடைஞ்சல் வந்தால் ஒரு பொட்டலம் போய்ச் சேராது. மென்பொருள் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். பின்னால் இருப்பவை தேங்கிவிடும், பாட்டு திக்கும். அதனால் நேரம் தவறிய பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை அனுப்புவதுதான் நல்லது. கோப்பு அனுப்பும்போது அப்படிச் செய்ய முடியாது. ஒன்று விடுபட்டாலும் கோப்பே பாழ். ஆகவே எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பதை அந்தந்தச் செயலியே சொல்ல ஒரு சுவிட்ச் வேண்டும். செயலி தன் தரவை எங்களிடம் ஒப்படைக்கும் வாசலுக்கு சாக்கெட் என்று பெயர். அந்த வாசலில் சுவிட்ச் வைக்கும் வேலை எனக்கு வந்தது.

கோட் அரை நாளில் முடிந்தது. பெயர் வைக்க மூன்று வாரம் ஆனது.

எங்கள் டைரக்டருக்கு ஈரோடு பக்கம். கூட்டத்தில் இங்கிலீஷ்தான் பேசுவார். என்னைத் திட்டுவதற்கு மட்டும் தமிழ்.

"என்னப்பா இது, 'டிஸ்கார்ட்'னு வச்சிருக்கே? டேட்டாவைத் தூக்கிப் போடறோம்னு நாமளே எழுதிக் கொடுக்கறதா?"

"அதைத்தானே சார் பண்றோம்."

"பண்றது வேற, சொல்றது வேற."

ஆறு பேர் உட்கார்ந்து யோசித்து, கடைசியில் 'ஃப்ரெஷ்' என்று முடிவு செய்தார்கள். காய்கறிக் கடைக்குப் பொருத்தமான பெயர். மார்க்கெட்டிங்கிலிருந்து வந்தவர் கைதட்டினார். அடுத்த கேள்வி, செயலி எதுவும் சொல்லாவிட்டால் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது. அணைந்திருக்க வேண்டும் என்றேன்.

"ஃப்ரெஷ்னு பேர் வச்சுட்டு ஆஃப்ல வச்சா, பழசைக் கொடுக்கறோம்னு கஸ்டமர் நினைக்க மாட்டானா?" என்றார் டைரக்டர்.

என்னிடம் பதில் இருந்தது. அது சம்பள உயர்வு முடிவாகும் அப்ரைசல் மாதமாகவும் இருந்தது. தலையாட்டிவிட்டு வந்து, கோடில் அணைப்பைக் குறிக்கும் பூஜ்யத்தை ஒன்று என்று மாற்றினேன்.

எங்கள் மென்பொருளைச் சோதிக்கும் அக்கா பெங்களூர் லிங்கராஜபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்; 'சும்மா' என்பதைக் கன்னடத்தில் 'சும்னே' என்பார். இரண்டு நாள் கழித்து என் மேஜைக்கு வந்தார்.

"கீபோர்டுல கீயை அழுத்தனது போவுது, விரலை எடுத்தது போவலை. ஒரு 'கே' தட்டினா பத்து 'கே' வருது. நம்ம ஆளுங்க சும்னே ஆன்ல வச்சுட்டாங்கப்பா. பக் போட்டிருக்கேன், பாத்துக்கோ."

பார்த்தேன். அவர் சொன்னது சரி. விரலை எடுத்த செய்தி தாமதமானதும், அதையும் பழைய பாட்டு என்று நினைத்து மென்பொருள் தூக்கிப் போட்டிருந்தது. 'வடிவமைப்பின்படியே இயங்குகிறது' என்று எழுதி பக்கை, அதாவது அவருடைய பிழைப் புகாரை, மூடினேன்.

அதற்கடுத்த வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் நான்கு பேர் வந்தார்கள். எங்கள் மென்பொருள் ஓடும் பெட்டி ஒரே நேரத்தில் ஹெட்ஃபோனுக்குப் பாட்டும், சுவரிலிருந்த பெரிய திரைக்கு எழுத்தும் அனுப்பும். அறையில் எல்லோர் பையிலும் போன். காற்றில் நல்ல நெரிசல். டைரக்டர் தன் கையாலேயே கீபோர்டில் 'வெல்கம்' என்று இங்கிலீஷில் தட்டினார். கடைசி எழுத்து நிற்கவில்லை. ஒரு வரி முழுக்க ஓடி, அடுத்த வரிக்குப் போய், பக்கத்தை நிரப்பியது. அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கி, தான் எதையும் தொடவில்லை என்று காட்டினார். திரை ஓடிக்கொண்டே இருந்தது.

"இதுவும் புது வசதியா?" என்று வந்தவர்களில் ஒருவர் மரியாதையாகக் கேட்டார்.

"எங்கள் ஊர் வரவேற்பு கொஞ்சம் நீளம்" என்றார் டைரக்டர்.

அக்கா பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து திரையின் ஒயரைப் பிடுங்கினார்.

வெளியே வராந்தாவில் டைரக்டர் தமிழுக்கு மாறினார். "இதை ஆன்ல வச்சது யாரு?"

"நான்தான் சார்."

"யோசிக்க வேண்டாமா?"

அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் கூட்டத்தில் தலையாட்டியதைவிட, அந்த பக்கை மூடியதுதான் உறுத்தியது. தலையாட்டும்போதாவது எதிரே டைரக்டர் இருந்தார். பக்கை மூடும்போது என்னைத் தவிர யாரும் இல்லை. அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பரவால்லப்பா. நீ மூடினதை நீயே ஓப்பன் பண்ணிடு. 'நான் பாக்காம மூடிட்டேன்'னு எழுது."

"பாத்துட்டுத்தான்க்கா மூடினேன்."

"அப்ப அதை எழுது."

எழுதினேன். ஒன்றை மறுபடியும் பூஜ்யமாக்கினேன். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் மெயில் வந்தது: டைரக்டரின் தொலைநோக்கால், 'ஃப்ரெஷ்' இனி அணைந்த நிலையிலேயே கிடைக்கும்.

வாடிக்கையாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால், ஒயரைப் பிடுங்கிய அந்தப் பெண்ணுடன் அவர்கள் நேரடியாகப் பேச வேண்டும். அந்த அழைப்புகளில் டைரக்டரும் இருப்பார், மைக்கை அணைத்துக்கொண்டு. நான் குறிப்பு எடுப்பேன்.