நாகஜோதி எழுதிய விடை

ஷார்ஜாவின் ஓரத்தில், முவைலாவில் அந்த ஃபிளாட்டை மூன்று குடும்பங்கள் பங்குபோட்டிருந்தன. பிளைவுட் அடைத்த நடு அறையில் நாகஜோதியும் கணவன் பாண்டித்துரையும். காலை ஐந்தரைக்குக் கட்டட சைட்டுக்குப் போனால் அவன் இருட்டித்தான் வருவான். கதவைப் பூட்டிவிட்டுப் போகிறவன் இல்லை. "எங்கிட்டும் தனியாப் போயிராத" என்பான், அவ்வளவுதான். நான்கு வருஷத்தில் அவள் தனியாகப் போன தூரம் கீழேயிருந்த குரோசரிக் கடை வரை.

பொழுதுபோகட்டும் என்று அவன்தான் அஞ்சல்வழி எம்.ஏ. ஆங்கிலத்தில் சேர்த்துவிட்டான். 2007இல் கடைசி வருஷப் பாடத்தில் டிரான்சென்டென்டலிசம் வந்தது. நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் சிலர் கிளப்பிய சிந்தனை. ஊரும் சபையும் சொல்வதை விடு, உன் உள்மனம் சொல்வதை நம்பு. தனியாக நட, மரம் மண்ணோடு இரு, கொஞ்சத்தில் வாழ். கைடில் எட்டு பாயிண்ட். மனப்பாடம் செய்ய உட்கார்ந்தவளுக்குக் கோபம்தான் வந்தது.

ஒருநாள் காலை புத்தகத்தை மூடிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"எங்கம்மா கெளம்பிட்டே?" என்றாள் பக்கத்து அறை ஹபீபுன்னிசா.

"சும்மா நடக்கத்தான், அக்கா."

கட்டடங்களுக்குப் பின்னால் மணல்வெளி. அரைமணி நடந்ததும் ஒற்றையாய் ஒரு காஃப் மரம், நம்மூர் வன்னிதான். அதன் நிழலில் உட்கார்ந்து, உள்மனம் பேசட்டும் என்று காத்திருந்தாள். பேசியது. எங்கிட்டும் தனியாப் போயிராத என்றது, பாண்டித்துரையின் குரலில். சட்டென்று எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தாள்.

அவள் திரும்புவதற்குள் அவன் வழக்கம்போல் ஹபீபுன்னிசாவுக்குப் போன் போட்டு, அவள் மணல்வெளிப் பக்கம் போனதைத் தெரிந்துகொண்டிருந்தான். ராத்திரி சாப்பிடும்போது கேட்டான்.

"அங்க என்ன பண்ணுன?"

"உக்காந்திருந்தேன்."

"யாரோட?"

"தனியாத்தாங்க."

அவன் தட்டைத் தள்ளிவைத்தான். "பரீட்சைய மட்டும் எழுதிரு. அதோட படிப்பு போதும்."

ஷார்ஜா டவுனுக்குள் பரீட்சை. வாசலிலேயே அவன் காத்துக்கொண்டு நின்றான். 'டிரான்சென்டென்டலிசம் இன்றைய வாழ்வுக்கு எவ்வாறு பொருந்தும்?' என்று ஒரு கேள்வி. கைடின் எட்டு பாயிண்ட்டில் ஒன்றைக்கூட அவள் எழுதவில்லை. கதவைத் திறந்துகொண்டு போக முடிந்தவர்கள் எழுதியது அது என்று தொடங்கினாள். மனசுக்குள் அடுத்தவர் குரல் குடியேறிவிட்டால், எது தன் குரல் இல்லை என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. நான் அதுவரைதான் வந்திருக்கிறேன் என்று மூன்று பக்கம் எழுதினாள்.

அந்தப் பேப்பரில் முப்பத்தெட்டு. ஐம்பது எடுத்தால்தான் பாஸ்.

"கைடுல இருந்தத எழுதியிருந்தா பாஸாயிருப்பேல்ல?" என்றான் பாண்டித்துரை.

"ஆயிருப்பேன்."

"பெறகு ஏன்?"

மூன்று பக்கத்தையும் அவள் ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தாள். அதை அவனிடம் தமிழில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.