படையல் போட்ட வீட்டில் ஜெபம்

என் மனைவி சாகும்வரை நான் வாய்விட்டு ஜெபம் செய்ததே இல்லை. வீட்டில் ஜெபமெல்லாம் அவள்தான். நான் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

நாங்கள் செமோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்தை முதலாளி விற்றதும் ஜெலாப்பாங் ஃபிளாட்டுக்கு வந்தோம். இங்கே அவள் சபைக்குப் போனாள். நானும் போனேன். இருவரும் ஞானஸ்நானம் எடுத்தோம்.

வயிற்றில் கட்டி வந்து செத்துப் போனாள். பிள்ளை இல்லை. அடக்கம் முடிந்ததும் வீட்டில் சத்தம் நின்று போனது. வேலை விட்டு வந்து முழங்கால் போடுவேன். ஒரு வார்த்தை வராது. சோறு இறங்கவில்லை. வீடு மேல்மாடியில். வாசலுக்கு வெளியே ஐந்தடி நடைபாதை, அதற்கு இடுப்பளவுதான் சுவர். அந்தப் பக்கம் போகவே பயந்தேன். எதற்குப் பயந்தேன் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் லூமுட்டிலிருந்து அக்கா வந்தாள். அக்கா இன்னும் கோயிலுக்குப் போகிறவள். கையில் தெங்கிரி மீன்.

"தல வேணும்னு என்கிட்ட சண்ட போடுவாடா அவ. அவளுக்கு வைக்காம நாம திங்கறதா?"

அக்கா சமைத்தாள். அவள் படத்துக்கு முன்னால் இலை போட்டது நான். சபையில் அது ஆகாது என்று தெரியும். கை போட்டுவிட்டது.

சாயங்காலம் சபையார் ஜெபத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மறந்து போனேன். கதவைத் திறந்தால் பாஸ்டர். பின்னால் ஆறேழு பேர். எல்லோரும் இலையைப் பார்த்தார்கள்.

"பிரதர், என்ன இது? விக்கிரகக் காரியம்லா" என்றார் ஒருவர்.

"விக்கிரகமா? மீன் தம்பி இது. தொட்டுப் பாரு, முள்ளு குத்தும்" என்றாள் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. பாஸ்டர் என்னைப் பார்த்தார்.

"எடுத்துடலாமா பிரதர்?"

"வேணாம் பாஸ்டர். இருக்கட்டும்."

பாஸ்டர் பாயில் உட்கார்ந்தார். "சரி. இன்னிக்கு நீங்க ஜெபம் பண்ணுங்க. எப்படி வருதோ அப்படி."

முழங்கால் போட்டேன். கண்ணை மூடவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஆண்டவரே, அவதான் உங்ககிட்ட பேசுவா. அவள எடுத்துக்கிட்டீங்க. இப்ப நான் என்ன செய்யறது? உங்க மேல எனக்குக் கோவம். எனக்குச் செத்துப் போகணும் போல இருக்கு. என்னைப் புடிச்சுக்குங்க."

அவ்வளவுதான் வந்தது. முடிந்ததா இல்லையா என்று சபையாருக்குத் தெரியவில்லை. அக்காதான் "ஆமென்" என்றாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

பாஸ்டர் அன்று என்னைத் தனியாக விடவில்லை. அக்காவை ஒரு மாதம் தங்கச் சொன்னார். அவளும் தங்கினாள்.

துக்கம் குறையவில்லை. இப்போதும் குறையவில்லை. அவள் செய்தது போல அழகாக எனக்கு ஜெபம் வராது. அந்த ஜெபத்துக்கு மறுநாள் காலை தொழிற்சாலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஆண்டவரிடம் மறுபடி பேச ஆரம்பித்தேன். கோபம் பாதி மிச்சம் இருந்தது. அதைச் சொன்னேன்.