பாதிக்கணக்கு மிஸ்

ஞாயிற்றுக்கிழமைகளில் குக்கரைத் தேய்ப்பது கணக்கு மிஸ்ஸின் வேலை. கழுவியதைத் துடைத்து அடுக்குவது பத்தாம் வகுப்பு படிக்கும் மகளின் வேலை. வீட்டில் மிஸ்தான் அம்மா. வகுப்பில் அதே மகளுக்கும் மிஸ். வீட்டிலும் மகள் 'மிஸ்' என்று ஆரம்பித்தால் சண்டை வரப்போகிறது என்று அர்த்தம்.

"மிஸ், ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல அந்த மூடியைக் கீழ வை. வச்சுட்டுச் சொல்லு."

"ஸ்பெஷல் கிளாஸுக்கு நான் ரெடிமேட் சார்கிட்ட போறேன். கை தூக்கிட்டேன்."

பரீட்சைக்கு முந்தைய சிறப்பு வகுப்புக்கு யாரிடம் போவது என்று பிள்ளைகளே முடிவு செய்யலாம் எனத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். பள்ளியில் கணக்குக்கு இரண்டே பேர். ஒருவர் ஆரம்பத்திலிருந்து விடை வரைக்கும் பலகையில் எழுதிப்போட்டுவிடுவார், அவர் 'ரெடிமேட்'. இவள் 'பாதிக்கணக்கு'. எந்தக் கணக்கிலும் கடைசி வரியைப் போடமாட்டாள். சாக்பீஸை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வாள். மிச்சத்தைப் பிள்ளைகள்தான் முடிக்கவேண்டும். பலகையைப் பார்த்து எழுதியே பள்ளிக்கூடத்தைத் தாண்டியவள் அவள். தனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அப்போது பிடித்த பிடிவாதம்.

"ஏண்டி, நான் நடத்தறது புரியலையா?"

"நல்லாப் புரியுது. அரையாண்டுப் பேப்பரைப் பார்த்தியா?"

பார்த்திருந்தாள். வேறு பள்ளி ஆசிரியர்கள் திருத்தி அனுப்பியவை. சோம்பேறிக் கழுதைகள் என்று ஆசிரியர் அறையில் வாய்விட்டே திட்டியிருந்தாள்.

"அவசரம். ஆற அமர எழுதினாத்தானே?"

"எனக்கு மட்டும்னா அவசரம். நம்ம கிளாஸ்ல முக்கால்வாசிப் பேர் கடைசி வரியை எழுதலை. நீ நிறுத்துற இடத்துல எங்க கையும் நின்னுபோச்சு. என் பக்கத்துல உட்கார்ந்தவ பேனாவை மூடிட்டு, உன்னை மாதிரியே கையை வேற தட்டிக்கிட்டா."

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. ஒரே இடத்தில் நின்றுபோன விடைத்தாள்கள் கண்முன் வந்தன.

"மார்க் வந்தா நாங்க கெட்டிக்காரங்க, போனா டீச்சர் சரியில்லை. அப்படித்தானே உங்க நியாயம்?"

"இல்லம்மா. புரிஞ்சதுக்கும் நீதான் காரணம். மார்க் போனதுக்கும் நீதான்."

'மிஸ்' எப்போது போய் 'அம்மா' வந்தது என்று அவள் கவனிக்கவில்லை.

"அவர்கிட்ட போனா ஒண்ணும் புரியாதுடி."

"தெரியும். ஆனா விடை இருக்கும்."

குக்கரின் அடியில் கருப்பு இன்னும் போகவில்லை. அதை அப்படியே கவிழ்த்து வைத்தாள்.

"சரி, நாளையிலேருந்து கடைசி வரியையும் நானே போட்டுடறேன். என் கிளாஸ்லயே இருப்பியா?"

மகள் தட்டுகளை அலமாரியில் அடுக்கினாள். துணியைப் பிழிந்து ஆணியில் மாட்டினாள். சொட்டிக்கொண்டிருந்த குழாயை ஒருமுறை இறுக்கித் திருகிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே சமையலறையை விட்டு வெளியே போனாள்.