ஒரு டிக் சத்தம்

கீறல் என்றால்தான் அவரை நாலு பேருக்குத் தெரியும். பழைய இசைத்தட்டு, டேப்புகளின் கரகரப்பை நீக்கி மறுபடி வெளியிடுவது தொழில். யார் காதுக்கும் எட்டாத கீறல் அவர் காதில் விழும். சந்தேகப்படுவதில் மனசு காதுக்கு ஒரு படி மேல். பூட்டிய பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார். தேதியைப் படித்த பிறகும் பாலை முகர்ந்து பார்ப்பார். "என்னையும் மோந்து பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டாரு" என்பாள் மனைவி.

மனைவியின் தம்பிதான் கூட்டாளி. முன்னறையில் விற்பனை அவனுக்கு, பின்னறை மெஷின்கள் இவருக்கு. மச்சினன் ஜப்பானுக்கே போய் ஒரு டேப்போடு வந்தான். யாரும் பார்த்திராத பழைய படத்தின் இசை. அதில் ஆர்கன் வாத்தியம் சுழன்று சுழன்று தலையைக் கிறுகிறுக்க வைத்தது. அந்தக் காலத்தில் இசைத்தட்டாக வந்தபோது விற்றது கொஞ்சம்தான். இது இசையமைப்பாளரின் மனைவி கொடுத்த, வாசிக்கும்போதே பதிவான மூல டேப் என்றான்.

கீறல் கேட்டார். ஆர்கனுக்கு அடியில் டிக். மறுபடி டிக். இசைத்தட்டு ஒரு சுற்று சுற்றும் அதே இடைவெளி. எங்கேயோ இடித்தது. ஐந்தாம் நிமிடத்தில் மெஷினை நிறுத்திவிட்டார்.

அதன்பின் மச்சினன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாலும் சந்தேகம், சிரித்தாலும் சந்தேகம். கடைசியில் சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"இது மூல டேப் இல்ல. கீறல் விழுந்த ரெக்கார்டுலேருந்து எடுத்தது. யாரை ஏமாத்துற?"

மச்சினன் தட்டைத் தள்ளி வைத்தான். "திருடன்னு சொல்றீங்க. சரி மாமா, டேப்பைச் சுத்தி வைங்க. அந்தம்மாவுக்கே அனுப்பிடுறேன். இனி கடை உங்களோடது." மனைவி தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

டேப்பை வேகமாகச் சுற்றினால் மேடு பள்ளமாகச் சுற்றிக்கொள்ளும். கடைசிவரை ஓடவிட்டுத்தான் பெட்டியில் வைப்பார்கள். மறுநாள் வேண்டாவெறுப்பாக ஓடவிட்டார்.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் டிக்கின் வேகம் தளர்ந்தது. டிக்... டிக்...... ஆர்கன் மட்டும் அதே வேகத்தில் ஓடியது. இசைத்தட்டின் வேகம் தளர்ந்தால் பாட்டும் கூடவே இழுபடுமே! அப்படியானால் இந்த டிக் தட்டுக் கீறல் இல்லை. டேப்புக்குள் ஏதோ ஒரு சுவிட்சை அணைக்கும் சத்தம். ஆர்கன் நின்றது. யாரோ சிரித்தார்கள்.

பெட்டியை எடுக்க வந்த மச்சினன் வாசற்படியிலேயே நின்றான்.

"படத்துல ஒரு துண்ட வளையமா ஒட்டி, திரையில ஓடவிட்டு, அதப் பாத்துக்கிட்டே வாசிச்சாங்களாம். ஒட்டு புரொஜெக்டர்ல சிக்குறப்பல்லாம் டிக். அந்தம்மா சொன்னாங்க."

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!" கீறலின் குரல் உடைந்தது.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா மாமா?"

நம்பியிருக்க மாட்டார். அது அவருக்கும் தெரியும். மச்சினன் பெட்டியை எடுத்துக்கொண்டு, கடைச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.