தனித் துண்டு

பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் ஐந்தாவது படித்தபோது, திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் மாமாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் சகோதரியை அவருக்குப் பக்கத்தில் அமர்த்தி இணைச்சீர் செய்வார்கள். அம்மாவுக்கு ஒரே தம்பி. அந்த நாளுக்காக அம்மா வருடக்கணக்கில் காத்திருந்தாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. லாரிக்குப் போய்விட்டு வந்து படுத்திருந்த அப்பா காலையில் எழுந்தபோது ஒரு கண் இரத்தச் சிவப்பு. நீர் வடிந்தது. இமையெல்லாம் பீளை.

"சிமெண்டுத் தூசி, கண்ணு" என்றார் என்னிடம்.

"தூசின்னா இப்படிப் பீளை கட்டாதுங்கப்பா. இது மெட்ராஸ் ஐங்க" என்றேன். அந்த வாரம்தான் என் வகுப்பில் மூன்று பேரை அதே கண்ணோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, தன் அண்ணியான அம்மாவைப் பார்த்துக் கத்தினார்: "நங்கை, அண்ணன் கண்ணப் பாத்துப்போடாதீங்க, ஒட்டிக்கும்! அப்பறம் இணைச்சீருக்கு ஆரு உக்கார்றது?"

அதிலிருந்து எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் அப்பாவிடம் பேசினார்கள். அம்மா கூரையைப் பார்த்தபடி பரிமாறியதில் பாதிக் குழம்பு தரைக்குப் போனது. ஆனால் முகம் கழுவிவிட்டு எல்லாரும் துடைத்தது, தண்ணீர்த் தொட்டியோரம் கொடியில் கிடந்த ஒரே ஈரிழைத் துண்டில். அப்பா துடைத்துப் போட்ட அதையே அம்மாவும் எடுத்தாள்.

நான் பாய்ந்து பிடுங்கினேன். "பாத்தா வராதுங்கம்மா! கையிலயும் துண்டுலயும்தான் வரும்னு டீச்சர் சொன்னாங்க!"

பெரியவர்கள் முன்னால் நான் உரக்கப் பேசியது அதுதான் முதல் தடவை.

"இத்துனூண்டு இருந்துட்டு வாயப் பாரு" என்றார் அத்தை.

அப்பா மட்டும் சிரித்தார். "செரிங்க டாக்டரம்மா, நா என்ன பண்ணோணும்?"

துண்டு, தலையணை, டம்ளர் எல்லாம் லாரி கேபினுக்குப் போயின. பின்னாலேயே அப்பாவும் போனார். டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை அவரே விட்டுக்கொண்டார். கண்ணைத் தொட்டாரானால், சோப்புப் போட்டுக் கை கழுவும்வரை நான் நகரமாட்டேன். அம்மாவுக்குத் தனித் துண்டு. அதை என் புத்தகப் பையில் வைத்துக்கொண்டு கூடவே அலைந்தேன்.

கல்யாணத்தன்று அம்மா தெளிந்த கண்ணோடு தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்தபோது வந்த பெருமை இந்த வயதிலும் எனக்குக் குறையவில்லை.

அப்பா மண்டபத்துக்குள் வரவேயில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே நின்று, கை நீட்டியவர்களுக்கெல்லாம் தள்ளி நின்றே கும்பிடு போட்டார். ஒவ்வொருவரிடமும் என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். அவர்களும் திரும்பி என்னையே பார்த்தார்கள். என்னால்தான் வெளியே நிற்க வேண்டியதாயிற்று என்று ஊர் முழுக்கக் குறை சொல்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். அழுகை வந்தது. தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

மறுநாள் என் இடது கண் சிவந்தது. ஒரு வாரம் பள்ளிக்குப் போகவில்லை.