மூன்றாம் மாடிக்கு ஒரு கைப்பிடி

என் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, சட்டைக் காலரைத் தேய்த்தபடியே தொலைநிலைக் கல்வியில் ஒரு படிப்பு படித்தாள். 'திட்ட மேலாண்மையும் சமூக மாற்றமும்' என்று அதற்குப் பெயர். சமூகம் மாறியதோ இல்லையோ, என் வீடு மாறிவிட்டது. ஃபிரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை. அதில் 'வேலையைக் கெடுக்கக்கூடியவை' என்ற தலைப்பின் கீழ் முதல் ஆளாக நான்.

"நான் என்னடி பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ண மாட்டேங்கறீங்க, அதான்."



அந்தப் படிப்புக்குக் கடைசியில் தேர்வு கிடையாது. அக்கம்பக்கத்தில் ஒருவருக்காவது உதவும் காரியத்தைச் செய்து முடித்தால்தான் தேர்ச்சி. இவள் மூன்றாம் மாடி டிரைவர் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாதம் வந்து இடது கை விளங்காமல் போனதிலிருந்து மனிதர் கீழே இறங்கவே இல்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. படியில் பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. அவரைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தாமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

வீடு வீடாக ஏறி இறங்கினாள். கட்டடக்காரரைக் கையைக் காலைப் பிடித்துச் சம்மதிக்க வைத்தாள். வெல்டரைக் கையோடு இழுத்து வந்தாள். சுவரோரமாக மேலிருந்து கீழ்வரை இரும்புக் கைப்பிடி பளபளவென்று ஏறியது.

திறப்பு விழாவுக்குக் கட்டடமே படியில் கூடிவிட்டது. டிரைவர் அண்ணன் வெளியே வந்து கைப்பிடியைப் பார்த்தார், படியைப் பார்த்தார்.

"தங்கச்சி, ஜோரா இருக்கு. ஆனா இறங்கும்போது இது இடது பக்கமால்ல வருது? அந்தக் கைதானே எனக்கு வேலை செய்யல. ஏறுறதுக்குன்னா சரியா இருக்கும். நான்தான் ஏற்கெனவே மேல இருக்கேனே!"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஊரையெல்லாம் கேட்டவள் அவரை மட்டும் கேட்கவில்லை. யாருக்காகச் செய்கிறோமோ அவரிடம் முதலில் கேள் என்பதுதான் அவள் படிப்பின் முதல் பாடமே. சாப்பிடும்போதுகூட எனக்கு அதை ஒப்பித்தவள் இவள். மற்ற நாளாக இருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அன்று அவள் முகம் சுண்டியதைப் பார்த்து, பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"மன்னிச்சிடுங்கண்ணே. உங்களை ஒரு வார்த்தை கேட்காம விட்டுட்டேன். எப்படி வச்சா உங்களுக்குத் தோதா இருக்கும்?"

அவர் யோசித்தார். பிறகு மெல்லத் திரும்பி, படிக்கு முதுகைக் காட்டி நின்று, வலது கையால் கைப்பிடியைப் பற்றினார்.

"நான் எடுக்காத ரிவர்ஸா? மாப்ளே, நீங்க பின்னால நின்னு குரல் மட்டும் குடுங்க."

நான் ஒரு படி கீழே நின்றேன். "வரலாம், வரலாம்... கொஞ்சம் நிறுத்து... வரலாம்!" கட்டடமே சேர்ந்து கத்தியது. ஒவ்வொரு படியாக, மூன்று மாடியையும் பின்பக்கமாகவே இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டார்.

வெயில் முகத்தில் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். என் மனைவி அவர் பக்கத்தில் போனாள்.

"எங்கண்ணே போகணும்?"

"எங்கயும் போக வேணாம்மா. இப்படியே கொஞ்ச நேரம் நிக்கலாம்."